ஒன்பது பேரும் ஓர் அளவுகோலும்

2010-இல் 'மூவ்மென்ட் டிஸார்டர்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, எஸ்.சி.ஏ.1 என்ற பரம்பரைத் தள்ளாட்ட நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒருவர்கூடத் தவறாமல் பிரித்துக் காட்டியது. மூளைக்குள் இருக்கும் இரண்டு வேதிப்பொருள்களின் விகிதத்தை அளந்தார்கள், அவ்வளவுதான். நோயாளி எவரும் விடுபடவில்லை. நோயில்லாத எவரும் நோயாளியாகக் கணக்கில் ஏறவில்லை. நூற்றுக்கு நூறு. மருத்துவ ஆய்வுகளை வாசித்துப் பழகியவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் அடுத்துத் தேடுவது, எத்தனை பேரை வைத்து என்பதைத்தான். நோயாளிகள் 9 பேர். மற்றவர்கள் 15 பேர்.

கட்டுரையின் முதல் ஆசிரியர் குலின் ஓஸ். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், காந்த ஒத்ததிர்வு ஆய்வு மையத்தில் பணிபுரிபவர். அவருடைய வெளியீடுகள் இரண்டு தடங்களில் ஓடுகின்றன. ஒன்று, பரம்பரைத் தள்ளாட்ட நோய்களில் சிறுமூளையின் வேதியியல் எப்படி மாறுகிறது என்பது. இன்னொன்று, மூளை தன் சர்க்கரையை எப்படிச் சேமிக்கிறது, எப்போது செலவழிக்கிறது என்பது. இரண்டுக்கும் கருவி ஒன்றே: மண்டையோட்டைத் திறக்காமல், மூளைக்குள் ஊசி செலுத்தாமல், மூளையின் ஒரு சிறு கனப்பகுதிக்குள் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். இந்த வெளியீடுகளைச் சேர்த்து வாசித்தால் எந்தக் கூற்று நிற்கிறது, எந்தக் கூற்று கால் ஊன்றக் காத்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே வேலை.

நோயைப் பற்றிக் கொஞ்சம். எஸ்.சி.ஏ. வகை நோய்களில் சிறுமூளையும் மூளைத்தண்டும் மெல்லத் தேய்கின்றன. நடை அகலும், பேச்சு குழறும், டம்ளரை நோக்கி நீளும் கை வழியிலேயே ஆடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. எஸ்.சி.ஏ.1-இன் மரபணுவை 1993-இல் மினசோட்டாவின் ஹாரி ஓரும் ஹூஸ்டனின் ஹூடா சோக்பியும் கண்டறிந்தார்கள். சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் துணுக்கு அந்த மரபணுவில் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் அட்டாக்சின்-1 என்ற புரதத்தில் குளூட்டமின் சங்கிலி நீண்டு, புரதமே நஞ்சாகிறது. (பின்னால் மூளையில் குளூட்டமின் கூடியது என்று ஒரு செய்தி வரும். அது புரதத்துக்குள் கோக்கப்பட்ட குளூட்டமின் அல்ல, செல்களுக்குள் தனியாகத் திரியும் குளூட்டமின். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது.)

மரபணு தெரிந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து இல்லை. மருந்து பிறப்பதற்கு உள்ள தடைகளில் ஒன்று, அது வேலை செய்கிறதா என்று அளப்பதே கடினம் என்பது. இப்போது பயன்படும் அளவுகோலுக்கு சாரா என்று பெயர்; 0 முதல் 40 வரை புள்ளி. நோயாளியை நடக்கவும் நிற்கவும் உட்காரவும் பேசவும் சொல்லி, விரலால் மூக்கைத் தொடச் சொல்லி, மருத்துவர் மதிப்பெண் போடுகிறார். ஐரோப்பாவில் நோயாளிகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்த யூரோஸ்கா ஆய்வில் எஸ்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 2.11 புள்ளி கூடியது. எஸ்.சி.ஏ.3-இல் 1.56, எஸ்.சி.ஏ.2-இல் 1.49, எஸ்.சி.ஏ.6-இல் வெறும் 0.80. ஒரு மருந்து நோயின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எஸ்.சி.ஏ.1 நோயாளியிடம் ஓராண்டில் தெரியும் லாபம் ஒரு புள்ளி. இரவு தூக்கமில்லாமல் வந்தாலே ஒருவரின் நடை அந்த அளவுக்கு மாறலாம். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் கிடைக்கும் நோயென்றால் கூட்டத்தால் சமாளிக்கலாம். இது அரிய நோய்.

ஆகவே ஓஸ் எடுத்துக்கொண்ட கேள்வி சரியான கேள்வி. நடையில் தெரிவதற்கு முன்பே, நடையில் தெரிவதைவிடத் துல்லியமாக, மூளைக்குள்ளிருந்தே ஓர் எண் கிடைக்குமா?

அந்த எண்ணை எடுப்பது லேசில்லை. மூளையில் இருப்பது பெரும்பாலும் நீர். நாம் தேடும் பொருள்கள் அதற்குப் பக்கத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. நீரின் பேரொலியை அடக்கிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும் சிறு முகடுகளைப் பிரித்தெடுக்க வேண்டும். அதிலும் சிறுமூளையும், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸும் தலையின் அடிவாரத்தில், எலும்பும் காற்றறைகளும் சூழ்ந்த இடத்தில் இருக்கின்றன. காந்தப்புலம் அங்கே சீராக நிற்காது; ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூளைத்தண்டு அசையும். காந்தத்தின் வலிமை கூடினால் முகடுகள் விலகித் தெளிவாகும், ஆனால் இதே பகுதியில் ரேடியோ அலை போதிய அளவு சென்று சேராமல் வேறு தொல்லை தொடங்கும். ஓஸும் இவான் ட்காச்சும் 2011-இல் சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் 4 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் நம்பத்தக்க நிறமாலையை எடுக்கும் முறையை நிறுவியதற்கு இதுதான் பின்னணி. மேற்கோள் பட்டியலில் பளிச்சென்று தெரியாத கட்டுரை அது. அது இல்லாமல் மற்றவை இல்லை.

இப்போது அந்த நூறு சதவீதத்துக்கு வருவோம். 2010 கட்டுரையில் நோயாளிகளிடம் என்.ஏ.ஏ. என்ற பொருளும் குளூட்டமேட்டும் குறைந்திருந்தன. குளூட்டமினும் மையோ-இனோசிட்டாலும் மொத்த கிரியேட்டினும் கூடியிருந்தன. என்.ஏ.ஏ. நரம்பணுக்களில் உருவாவது; மையோ-இனோசிட்டால் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் கிளையா செல்களில் மிகுதி. நரம்பணு நலிகிறது, கிளையா பெருகுகிறது என்ற வாசிப்பு இதிலிருந்து வருகிறது. சிறுமூளை அரைக்கோளத்திலும் பான்ஸிலும் என்.ஏ.ஏ.-க்கும் மையோ-இனோசிட்டாலுக்கும் உள்ள விகிதம்தான் 24 பேரையும் பிழையின்றிப் பிரித்தது.

ஒன்பதுக்கு ஒன்பது என்பது நூறு சதவீதம்தான். ஆனால் புள்ளியியல் கணக்குப்படி, ஒன்பது பேரில் ஒன்பதும் சரியாக வந்தால் உண்மையான கண்டறியும் திறன் 66 சதவீதம்வரைகூடத் தாழ்ந்திருக்க இடமுண்டு. பதினைந்துக்குப் பதினைந்து என்றால் தாழ்வெல்லை 78. இது ஆசிரியர்கள் மறைத்த விஷயமில்லை; எண்ணிக்கை சுருக்கத்திலேயே இருக்கிறது. என் ஆட்சேபம் அதைவிட அடிப்படையானது. எஸ்.சி.ஏ.1 இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனை இருக்கிறது. அது தெளிவாகச் சொல்லிவிடும் விடையை, கோடிக்கணக்கில் செலவாகும் காந்தத்தை வைத்து நூறு சதவீதம் சரியாகச் சொன்னதில் யாருக்கு என்ன புதிதாகக் கிடைத்தது? யாரும் கேட்காத கேள்விக்கு முழு மதிப்பெண்.

கட்டுரையின் உண்மையான சரக்கு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இந்த மாற்றங்கள் குழுச் சராசரியில் மட்டுமல்லாமல் தனித்தனி நோயாளியின் நிறமாலையிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. மற்றொன்று, சில பொருள்களின் அளவு சாரா மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது. அதோடு, மூளைத்தண்டுவட நீரில் பார்த்த வேறு இரண்டு குறிகாட்டிகள் நோயாளிக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு காட்டவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நூறு சதவீதத்தை முழங்கும் கட்டுரைக்குள்ளேயே இந்த எதிர்மறை முடிவும் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஜேம்ஸ் ஜோயர்ஸ் முதல் ஆசிரியராகவும் ஓஸ் வழிநடத்துபவராகவும் 'ஆனல்ஸ் ஆஃப் நியூராலஜி'யில் எழுதியது இந்தத் தடத்தின் மையக் கட்டுரை. 100 பேர், 7 டெஸ்லா காந்தம், எஸ்.சி.ஏ. 1, 2, 3, 6 என்று நான்கு வகை, வகைக்கு 18 முதல் 21 பேர். நோய் இன்னும் வெளிப்படாத மரபணுச் சுமையாளர்களும் இதில் உண்டு. பல பகுதிகளின் வேதிக்கணக்கைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கினார்கள். தவறாகப் பிரித்த விகிதம் எஸ்.சி.ஏ.2-இல் 0, எஸ்.சி.ஏ.3-இல் 2, எஸ்.சி.ஏ.1-இல் 5, எஸ்.சி.ஏ.6-இல் 17 சதவீதம். எண்ணிக்கை கூடியதும் எஸ்.சி.ஏ.1-இன் நூறு தொண்ணூற்றைந்தாக இறங்கியதைப் பாருங்கள். நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களும் அறிகுறி இல்லாதவர்களும் சேர்ந்த குழு என்பதால் இது நியாயமான இறக்கம். பழைய எண்ணைவிட இந்த எண்ணை நான் நம்புகிறேன்.

இந்தக் கட்டுரை கேட்கும் கேள்வியும் நல்ல கேள்வி: அறிகுறிக்கு முன்பே மாற்றம் தெரிகிறதா? பத்து ஆண்டுக்குள் நோய் தொடங்கும் என்று மதிப்பிடப்பட்டவர்களின் மதிப்பெண், ஏற்கனவே நோய் தொடங்கியவர்களின் வரம்புக்குள் விழுந்தது. அதாவது கால் தடுமாறும் முன்பே சிறுமூளையின் வேதியியல் தடம் மாறிவிட்டது. மரபணுச் சோதனை தராத தகவல் இது. மரபணு 'வரும்' என்று மட்டும் சொல்லும். 'தொடங்கிவிட்டது' என்று சொல்லாது.

ஆனால் ஒரு கண்ணியை இழுத்துப் பார்க்க வேண்டும். 'பத்து ஆண்டுக்குள்' என்ற கணக்கு, சி.ஏ.ஜி. எண்ணிக்கையையும் வயதையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. ஒரே நீளமுள்ள துணுக்கு இருவரில் பல ஆண்டு இடைவெளியில் நோயைத் தொடங்கிவைக்கும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மதிப்பீட்டை ஆதாரமாக வைத்து இன்னொரு அளவீட்டைச் சரிபார்க்கிறோம். அறிகுறியில்லாத அதே ஆட்களை, அவர்களுக்கு உண்மையிலேயே நோய் தொடங்கும் நாள்வரை தொடர்ந்து அளந்தால்தான் இந்தக் கூற்று தன் காலில் நிற்கும். எஸ்.சி.ஏ.1, எஸ்.சி.ஏ.3 இரண்டிலும் மருந்துச் சோதனைக்குத் தயாராவதற்கென்று அமெரிக்க, ஐரோப்பிய மையங்கள் சேர்ந்து தொடங்கிய ரெடிஸ்கா ஆய்வு அந்தத் திசையில் போகிறது. அதன் படமெடுப்புப் பகுதியில் ஓஸுக்கு முக்கியப் பங்கு. அங்கே 7 டெஸ்லா அல்ல, மருத்துவமனைகளில் கிடைக்கும் 3 டெஸ்லா. சரியான முடிவு. சில ஆய்வகங்களில் மட்டும் இருக்கும் கருவியில் பிறந்த எண், பொதுக் கருவியில் பிழைக்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நோயின் நகர்வைத் தொடரும் சோதனை 2019-இல் வந்தது. தினேஷ் தீல்சந்த் முதல் ஆசிரியர், எஸ்.சி.ஏ.1, 3 டெஸ்லா, அதே நோயாளிகளை மீண்டும் மீண்டும் அளந்தது. காலப்போக்கில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டுவதில் காந்த அளவீடுகள் சாரா மதிப்பெண்ணை முந்தின. இங்கே வேதி அளவீட்டின் தோழனாகவும் போட்டியாளனாகவும் எளிய ஒன்று வந்து நிற்கிறது: பான்ஸின் பருமன். அதை எடுக்கச் சாதாரண எம்.ஆர்.ஐ. போதும், கணினியே அளந்துவிடும், தனித்திறன் பெற்ற இயற்பியலாளர் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. பருமனே நகர்வை நன்றாகக் காட்டுமென்றால், இவ்வளவு பாடுபட்டு வேதியியலை ஏன் அளக்க வேண்டும்?

இதற்கு ஓஸின் தரப்பில் இருக்கும் பதில் எலிகளிடமிருந்து வருகிறது, அது வலுவான பதில். தேய்ந்த மூளை மறுபடி வளராது. ஆனால் நலிந்த நரம்பணு தேறலாம். மினசோட்டாவில் ஓரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய ஒருவகை எலியில், டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் நோய் மரபணு அணைந்துவிடும். 2011-இல் ஓஸ் குழு அந்த எலிகளை மருந்துக்குப் பின் அளந்தபோது, தடம் மாறிய வேதிப்பொருள்கள் பாதிவழியாவது இயல்பை நோக்கித் திரும்பியிருந்தன. பிறகு அதே எலிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. மனிதர்களிடம் அது முடியாது. என்.ஏ.ஏ. என்பது இறந்துபோன நரம்பணுக்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் கணக்கல்ல, உயிரோடிருப்பவற்றின் உடல்நிலையையும் சொல்வது என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இந்த வெளியீடுகளில் இல்லை. ஒரு மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பருமன் காட்ட ஆண்டுகள் ஆகும். வேதியியல் முன்னதாகக் காட்டக்கூடும். அட்டாக்சின்-1-இன் உற்பத்தியைக் குறைக்கும் ஆன்டிசென்ஸ் மருந்தை எலிகளில் சோதித்த 2018 ஆய்விலும் இந்த அளவீடு ஓர் அங்கமாக இருந்தது.

'காட்டக்கூடும்' என்று எழுதினேன். மனிதரில் இன்னும் காட்டவில்லை. அதற்கு ஓஸைக் குறை சொல்ல முடியாது. நோயின் வேகத்தை மாற்றும் மருந்து கையில் இல்லாதபோது, மருந்துக்கு அளவுகோல் அசைகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆனால் உயிர்க்குறிகாட்டி என்ற சொல் இந்தக் கட்டுரைகளில் தாராளமாக நடமாடுகிறது. நோயைக் கண்டறியும் குறிகாட்டி, நகர்வைத் தொடரும் குறிகாட்டி, மருந்தின் பலனைச் சொல்லும் குறிகாட்டி என மூன்று வேறு பொருள்கள் அந்த ஒரே சொல்லுக்குள் பதுங்குகின்றன. முதலாவது நிறுவப்பட்டுவிட்டது, அதன் தேவைதான் குறைவு. இரண்டாவது ஓரளவு நிறுவப்பட்டது. எல்லோருக்கும் வேண்டிய மூன்றாவது, எலியோடு நிற்கிறது.

இன்னொரு சந்தேகத்தையும் பதிவு செய்ய வேண்டும். தேய்ந்த சிறுமூளையில் அளக்கும் கனப்பகுதிக்குள் திசு குறைந்து நீர் மிகும். அதைத் திருத்தாமல் விட்டால் எல்லாப் பொருளும் குறைந்ததுபோல் தெரியும். இந்தக் குழு நீரின் பங்கைத் தனியே கணக்கிட்டுக் கழிக்கிறது. மேலும், ஒன்று குறைகிறது மற்றொன்று கூடுகிறது என்ற முடிவை நீர் மிகுதியால் மட்டும் விளக்கிவிட முடியாது. நீர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குறைக்கும். ஆகவே இந்தச் சந்தேகத்தை எழுப்பிப் பார்த்து நானே கைவிடுகிறேன். 'கிளையா குறிகாட்டி' என்ற பட்டத்தின் மீதுள்ள சந்தேகத்தை மட்டும் கைவிட மனமில்லை. மையோ-இனோசிட்டால் கிளையாவில் மிகுதி என்பது ஒரு போக்கு. அதைக் கண்டதும் கிளையா பெருகியது என்று எழுதுவது ஒரு தாவல். கிளையாவின் அடையாளமான ஜி.எஃப்.ஏ.பி. புரதம் 2010 நோயாளிகளின் மூளைத்தண்டுவட நீரில் கூடவில்லை என்பதை இந்த இடத்தில் மறக்கக் கூடாது.

இனி இன்னொரு தடம்: மூளையின் சர்க்கரைச் சேமிப்பு. கல்லீரலும் தசையும் சர்க்கரையை கிளைக்கோஜனாகச் சேமிப்பது பள்ளிப்பாடம். மூளையிலும் கொஞ்சம் உண்டு. ஓஸ் குழு 2007-இல் உயிருள்ள மனித மூளையில் அதை அளந்து, ஒரு கிராமுக்குச் சுமார் 3.5 மைக்ரோமோல் என்றும், அந்தக் கையிருப்பு முழுவதும் மாற 3 முதல் 5 நாள் ஆகும் என்றும் சொன்னது. கார்பன்-13 கலந்த குளுக்கோஸை ரத்தக்குழாயில் மணிக்கணக்காக ஏற்றி, அது கிளைக்கோஜனில் எப்போது தலைகாட்டுகிறது என்று காத்திருந்து எடுத்த எண் அது. தன்னார்வலரின் பொறுமையையும் சேர்த்துத்தான் மதிக்க வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவாளர்களில் சிலருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் உடல் எச்சரிப்பதில்லை. வியர்க்காது, நடுங்காது, நேராக மயக்கம்தான். இதற்கு ஓர் அழகான கருதுகோள் இருந்தது. ஒருமுறை சர்க்கரை இறங்கியதும் மூளை பயந்துபோய் அடுத்த முறைக்காகக் கூடுதல் கிளைக்கோஜனைச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்பு இருப்பதால் அடுத்த இறக்கத்தை அது பொருட்படுத்துவதில்லை. 2009-இல் ஓஸ் குழுவே, நோயற்றவர்களில் சர்க்கரையை இறக்கிப் பார்த்து, பிறகு கிளைக்கோஜன் முன்னைவிடக் கூடுகிறது என்று காட்டியது. கதை பொருந்திவிட்டது. பலர் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

அவர்கள் நிறுத்தவில்லை. எச்சரிக்கை உணர்வை இழந்த முதல்வகை நீரிழிவாளர்களையே அழைத்து அளந்தார்கள். கருதுகோள் சரியென்றால் அவர்கள் மூளையில் கிளைக்கோஜன் மிகுந்திருக்க வேண்டும். குறைந்திருந்தது. 2012-இல் அதை வெளியிட்டார்கள். ஆட்கள் சிலரே, ஆகவே கருதுகோளைப் புதைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் தாங்கள் வலுப்படுத்திய விளக்கத்தைத் தங்கள் கருவியைக் கொண்டே சாய்த்துக் காட்டினார்கள். இந்த வெளியீடுகள் அனைத்திலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் எடுப்பது இதைத்தான்.

அதற்கடுத்த இடம், யாரும் செய்தியாக்காத கட்டுரைகளுக்கு. ஒரே ஆளை ஒரே கருவியில் இரண்டு நாள் அளந்தால் அதே எண் வருகிறதா, வேறு ஊரிலுள்ள கருவியில் வருகிறதா என்று சோதித்தவை; உலகெங்குமுள்ள நிறமாலை ஆய்வாளர்களைக் கூட்டி 2014-இல் 'ரேடியாலஜி'யிலும் பிறகு 2019-இலும் எழுதப்பட்ட பொது வழிகாட்டல்கள். கடையில் தராசு சரியா என்று யாரும் தினமும் பாராட்டிக்கொண்டிருப்பதில்லை. தராசு தவறென்று தெரிந்தால்தான் கூட்டம் கூடும்.

இந்தக் கணக்கு நமக்கும் தூரமில்லை. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்.சி.ஏ.1 மிக அதிகமாகக் காணப்படுவதை 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் ஓர் ஆய்வு பதிவு செய்தது. மினசோட்டாவில் ஒன்பது பேரை மட்டும் வைத்து ஆராய்ந்த நோய், நம் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக இருக்கிறது. 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. சென்னையில் புதிதல்ல. நான் அறிந்தவரை இல்லாதது, அதில் சிறுமூளையின் நிறமாலையை ஆண்டுதோறும் ஒரே முறையில் எடுத்து வைக்கும் வழக்கம். ஓஸின் வழிகாட்டல் கட்டுரைகள் இங்கே உடனே பயன்படும். நூறு சதவீதக் கட்டுரை பயன்படாது.

ஆக, என் தீர்ப்பு இது. குலின் ஓஸின் வெளியீடுகள் தள்ளாட்ட நோய் ஏன் வருகிறது என்பதில் புதிதாக அதிகம் சொல்லவில்லை; அதைச் சொன்னவர்கள் ஓரும் சோக்பியும் அவர்களுடைய எலிகளும். அவர் தந்தது ஓர் அளவுகோல், அது நல்ல அளவுகோல். அறிகுறிக்கு முந்தைய மாற்றத்தை அது காண்கிறது என்பதை ஏற்கிறேன். சாராவைவிட நுட்பமாக நோயைத் தொடர்கிறது என்பதை எஸ்.சி.ஏ.1-க்கு மட்டும் ஏற்கிறேன். ஆறில் ஒருவரைத் தவறாகப் பிரிக்கும் எஸ்.சி.ஏ.6-க்கு இப்போதைக்கு இல்லை. மருந்தின் பலனை மனிதரில் சொல்லும் என்பதை ஏற்பதற்கு எனக்கு ஒரே ஒரு வரைபடம் வேண்டும்: மருந்து எடுத்தவர்களின் பான்ஸில் அந்த விகிதம் சரியாமல் நிற்பது, எடுக்காதவர்களில் சரிவது, இரண்டையும் பார்த்தவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருப்பது.